திருவொற்றியூர் மீனும் அத்திப்பட்டு இலையும்

ஈப்போவில் வீட்டுக் கதவைப் பூட்டியபோது நான் வெறும் லெட்சுமி. திருவொற்றியூர் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது டாக்டர் லெட்சுமி ஆகியிருந்தேன்.

இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தார்கள். 'பல கோடி ஆண்டு பழமை வாய்ந்த கல்மீனை ஆராய வருகை தரும் மலேசிய விஞ்ஞானி டாக்டர் லெட்சுமி அவர்களே, வருக! வருக!' அதில் என் முகம் இட்லிப் பானை அளவுக்கு இருந்தது. தோளில் ஒரு கை மட்டும் தனியாகக் கிடந்தது. என் மகளின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். கை என் சம்பந்தி அம்மாளுடையது.

நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஈப்போவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கல் அறுக்கிறேன். பாறையை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்துச் சொல்கிறவர்கள் வேறு. ஆனால் சமையல்காரிக்குச் சாப்பாட்டின் ருசி தெரியாமல் போகுமா? கல்லுக்குள் தெரிவது ஒரு காலத்தில் உயிரோடிருந்ததா, வெறும் கனிமம் போட்ட கோலமா என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது.

பேனருக்குக் காரணம் என் பெரியம்மா மகன் தேவராஜ் அண்ணன். என் அம்மா இந்தத் தெருவிலிருந்துதான் மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடலோரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்து, அதற்குள் மீன் இருப்பதாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். 'படத்தில் சரியாகத் தெரியலண்ணே, நேரில்தான் பார்க்கணும்' என்று பதில் போட்டேன். அந்த ஒரு வரிதான் இப்போது இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற விமலா அண்ணியிடம், மலேசியப் பழக்கத்தில், "பசியாறியாச்சா அண்ணி?" என்றேன்.

"இன்னாது?"

"காலையில சாப்ட்டாச்சான்னு..."

"நாஷ்டா துன்னியான்னு கேக்குறியா? அத்த சொல்லு!" என்று சிரித்து, இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டுப் பழகியவளுக்கு வடகறி புதிதாகவும் இருந்தது, ஏற்கெனவே தெரிந்ததாகவும் இருந்தது. மூன்றாவது இட்லியில் கையை வைத்தபோது அண்ணன் பொறுமை இழந்தார்.

"போதும் லெச்சு, வா. மீனப் பாரு."

முன்னறையில் ரோஸ் நிற டைல்ஸ் ஒட்டிய மேடை கட்டி, அதன்மேல் கல்லை சிமென்ட் போட்டு நிறுத்தியிருந்தார். சுற்றிச் சீரியல் பல்பு. எண்ணெய் பூசியதுபோல் மின்னும் கறுத்த பாறை. அதன் நடுவில் ஒரு கை நீளத்துக்கு வெள்ளை மீன். வயிறு புடைத்து, வால் குறுகி, தலைப்பக்கம் சிவப்பு மணிபோல் ஒரு கண்.

"கண்ணு கீது பாரு! கண்ணு!" என்றார் அண்ணன். பின்னால் தெருவே திரண்டு வந்து நின்றது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கறுப்புப் பாறை பூமிக்கு அடியில் வெந்து உருவானது. அதில் மீனைத் தேடுவது கொதிக்கும் இட்லிப் பானைக்குள் பனிக்கட்டியைத் தேடுவதுபோல. வெள்ளையாக இருப்பது பாறையின் விரிசலில் புகுந்து இறுகிய படிகக்கல், வெங்கச்சங்கல் என்பார்களே அது. கண், கார்னெட் என்கிற சிவப்புக் கனிமத்தின் ஒரு மணி. மீன் செத்துப் பல கோடி ஆண்டு ஆகவில்லை. அது பிறக்கவே இல்லை.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கண்ணு ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கோழைத்தனமான உண்மையை நான் சொன்னதில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. "இந்தக் கல் எங்கே கிடைச்சது, காட்டுங்கண்ணே" என்றேன். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்டியிருக்கும் கரைக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடுவில் அந்தப் பாறைகள், ஒவ்வொன்றும் மாட்டு வண்டி அளவு.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வெள்ளைக் கோடு ஓடிய ஒரு பாறையைத் தொட்டு, "இது என்ன மாதிரி இருக்குண்ணே?" என்று கேட்டேன்.

"பாம்பு" என்றார்.

அடுத்த பாறையில் ஒரு எறா, அதாவது இறால். அதற்கடுத்து ஆட்டோ. அண்ணனுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. அறுபத்துமூன்று வயதில் பாறைக்குப் பாறை தாவினார். "இங்க பாரு, எங்க பழைய ஃபோர்மேன் மூக்கு!" என்று கத்தினார். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அவர் ஒரு மீனைக் கண்டுபிடித்தார். நாலு பாறை தள்ளி இன்னொரு மீன். அதற்குச் சிவப்புக் கண்ணும் இருந்தது.

சிரிப்பு நின்றது. அந்தக் கண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். அந்த வெள்ளை, பின்பக்கமும் விடாமல் கோடாக ஓடியிருந்தது.

"இதுவும் மீனா லெச்சு?"

"இல்லண்ணே."

"அப்ப வூட்ல கீறது?"

நான் அந்த வெள்ளைக் கோட்டின்மேல் விரலை ஓட்டினேன்.

"நேத்தே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"கண்ணு அழகா கீதுன்னியே."

"அது நிஜமாவே அழகுண்ணே..."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அண்ணி வஞ்சிரம் வறுத்திருந்தார். அந்த மீனைத் தொட அண்ணனுக்கும் எனக்கும் கூச்சமாக இருந்தது.

"அவுரு கிரேன் மேல குந்திகினு ஊரையே பாத்த மனுஷன் லெச்சு" என்றார் அண்ணி, பாத்திரம் துலக்கியபடி. "எறங்கி வந்த அப்பால அவர ஒர்த்தரும் பாக்கல. இந்தக் கல்லு வந்துதான் வாத்தியாருங்க தேடி வந்தாங்கோ. படிப்பகத்துல தலைவராப் போட்டாங்கோ. ஞாயித்துக்கெழம விழா. எரநூறு நாற்காலி சொல்லிட்டாரு."

இருநூறு நாற்காலியையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே, துலக்கிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அண்ணன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விழாவில் வைக்க உண்மையாகவே பழைய சிப்பி ஏதாவது கிடைக்காதா என்று எண்ணூர்ப் பக்கம் போய்த் தேட நினைத்தேன். ஸ்டேஷனில், "கும்மிடிப்பூண்டி வண்டியா?" என்று ஒருவரைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் 'இல்லை, எதிர்ப் பக்கம்' என்று பொருள்படும் என்பது ரயில் ராயபுரத்தை நோக்கி ஓட ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் தலையாட்டலுக்கு இரண்டே அர்த்தம்தான்.

எதிரே வடக்கத்திப் பையன்கள் இருவர். நான் ஹிந்திப் படம் பார்த்துக் கற்ற அரைகுறை ஹிந்தியில் அவர்கள் பேச்சு புரிந்தது. "இந்த லைனில் கண்ணை மூடிக்கொண்டே சரியான ஸ்டேஷனில் இறங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை" என்றான் ஒருவன். மற்றவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்தது மீன்" என்றான். சரியாகவே சொன்னான்.

வேறு வேலை இல்லாததால், கடற்கரையில் பொறுக்கிய கல் சில்லு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே கவனித்தார். அத்திப்பட்டிலிருந்து தினம் காசிமேட்டுக்கு மீன் எடுக்க வருகிற பேபியம்மா.

"இன்னாமா, கல்ல அப்டிப் பாத்துகினு கீற? வைரமா?"

"இல்லம்மா. உள்ள ஏதாவது உயிர் இருந்த அடையாளம் இருக்கான்னு பார்க்கிறேன்."

"அய்ய! நீயுமா?" அவர் அன்னக்கூடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க தெருவுல ஒர்த்தி கீறா. கல்லு அஞ்சலைன்னு சொன்னாத்தான் தெரியும். கல்லுல எல கீது, எல கீதுன்னு சொல்லிகினு திரியறா. ஊரே சிரிக்குது."

"எந்தக் கல்?"

"கரியோட வருமே, அந்தக் கல்லு."

என் கையிலிருந்த சில்லு கீழே விழுந்தது. நிலக்கரியோடு வரும் கல்! பூமியில் இலை தேட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

பேபியம்மா மீன் எடுத்து வரும்வரை ராயபுரத்தில் காத்திருந்தேன். அப்போதுதான் திறந்த ஒரு கடையில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த தீனி. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய வடை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைகிறார்கள். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸான மீ கோரேங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். இரண்டாம் தட்டு கேட்டபோது கடைக்காரர், "எந்த ஊரு நீங்க?" என்றார். சொன்னேன். "அதான் கை இன்னொரு தட்டு கேக்குது" என்று கூடக் கொஞ்சம் வெங்காயம் போட்டார்.

பேபியம்மா அன்னக்கூடை நிறையக் காணாங்கெளுத்தியோடு வந்தார். வழித்துணைக்குக் கூலியாக ஒரு பை கவளை மீனை நான் தூக்கி வந்தேன். அத்திப்பட்டில் இறங்கியபோது என் புடவையும் மீன் வாசனையில் அந்த ஊர்க்காரியாகிவிட்டது.

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எங்கே நின்று பார்த்தாலும் தெரிந்தன. தெருவோரப் பூவரசு இலைகளில் சாம்பல் திருநீறு பூசியதுபோல் படிந்திருந்தது. அஞ்சலை இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. நகக்கண்ணில் கரி. பெல்ட்டில் ஓடி வரும் நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவது அவர் வேலை. கல் போனால் இயந்திரம் கெட்டுவிடும். எறிந்து கொட்டும் குவியலிலிருந்து சிலதை வீட்டுக்கு எடுத்துவருகிறார்.

"மலேசியாவுல கல்லு வேலயாம். உன் கல்லப் பாக்கணுமாம்" என்றார் பேபியம்மா.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் மூன்று கற்களைக் கொண்டுவந்து திண்டின்மேல் வைத்தார்.

முதல் கல்லில் கறுப்பாகக் கிளை விரித்த அழகான செடி. பார்த்தவுடன் யாரும் ஏமாறுவார்கள். எனக்கு அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் வியாழக்கிழமைப் பாடம் போதும் என்று உடனே சொன்னேன். "இது செடி இல்லம்மா. விரிசலில் புகுந்த தண்ணி விட்டுட்டுப் போன மாங்கனீஸ் கறை. நடுத்தண்டு இல்ல, நரம்பு இல்ல. விரிசலோட ஓரத்தில் ஆரம்பிச்சு உள்ளே பரவுது பாருங்க."

இரண்டாவதில் தங்க நிறப் பூ. "இதுவும் பூ இல்ல. இரும்பும் கந்தகமும் சேர்ந்து இப்படி வட்டமா வளரும்." மூன்றாவது மரப்பட்டைபோல் வரிவரியாக மினுங்கியது. "இது ரெண்டு பாறை ஒண்ணோட ஒண்ணு உரசின தழும்பு." சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றும் இல்லை. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

அஞ்சலை முதல் முறையாகச் சிரித்தார். "இது மெய்யான ஆளுதான் பேபியக்கா" என்றார்.

என்னைச் சோதித்திருக்கிறார்! அவருக்கு அந்த மூன்றும் பொய் என்று முன்பே தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்து, துணியில் சுற்றிய கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

சாம்பல் நிறக் களிமண்பாறையின்மேல் கறுப்பாக ஒரு இலை. நீள நாக்குப்போல். நடுவில் தெளிவான நரம்பு. அதிலிருந்து பிரியும் மெல்லிய நரம்புகள் சாய்ந்து ஓடி ஒன்றோடொன்று கூடி, மீன்வலைபோல் கண்ணி கண்ணியாக. ஓரம் சிதையவில்லை. அதன்மேல் இன்னொரு இலை, பாதி மறைத்தபடி. உதிர்ந்த கோலத்திலேயே கிடந்தன.

"நாக்கு எலன்னு நானா பேரு வெச்சிருக்கேன்" என்றார் கூச்சத்தோடு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குளோசாப்டெரிஸ் என்று அறிவியலில் இதற்குப் பெயர். அந்தப் பெயரின் முதல் பாதிக்கு நாக்கு என்றுதான் அர்த்தம். புத்தகம் எதையும் பார்க்காமல், கரித்தூசிக்கு நடுவில் நின்று, இந்த அம்மாள் அதே பெயரை வைத்திருக்கிறார். அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பேபியம்மாவைப் பார்த்தார்.

"இது எப்ப வுழுந்த எலக்கா?"

"இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கும் முந்தி. அப்போ இந்த மரங்கள் காடுகாடா இருந்தது. அந்தக் காடு மண்ணுக்குள் புதைஞ்சுதான் நிலக்கரியாச்சு."

அவர் வாசலில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைக் காட்டினார். "அப்ப தெனம் நான் வூட்லேந்து கூட்டித் தள்றது காடா?"

ஆமாம் என்றேன். "மெய்யாலுமா?" என்று மூன்று தரம் கேட்டார். பேபியம்மா தன் கையிலிருந்த கரித்தூசியை உதறப் போனவர், உதறாமல் நின்றார்.

பையிலிருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் தவறு. சிப்பி என்று அவர் நினைத்தது கல் உடைந்தபோது விழுந்த வளைவு. சொன்னதும், "சரி" என்று எடுத்துப் பொய்க் கற்களோடு வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

அந்த நேரம் அவர் கணவர் எத்திராஜ் ஆற்றிலிருந்து வந்தார். கழிமுகச் சேற்றில் கையால் தடவியே எறா பிடிக்கிறவர். நனைந்த அரைக்கால் சட்டை, கழுத்தில் எறாவைப் போட்டு வைக்கும் ஓலைப் பறி. என்னைப் பார்த்துத் தலையசைத்து, எறாவைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த எறாத் தொக்கைப் பற்றி நானும் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் கட்டுரை அதோடு நின்றுவிடும்.

"ஞாயித்துக்கிழமை விழாவுக்கு இதை எடுத்துக்கிட்டு வரணும் அஞ்சலை" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இங்க சிரிக்கறது பத்தாதாக்கா? திருவொத்தியூர்லயும் சிரிக்கணுமா?" எவ்வளவு சொல்லியும் மாட்டேன் என்றுவிட்டார்.

வீடு திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு அசையவில்லை.

ஆனால் சனிக்கிழமை காலை வாசலில் மொபெட் ஹாரன் அடித்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அண்ணன். "குந்து" என்றார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மொபெட்டில் போவது எப்படி இருக்கும் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. தள்ளினோம். டீக்கடையில் நின்று, மறுபடி தள்ளினோம். இஸ்திரிச் சட்டையின் முதுகு கரித்தூசியில் கறுத்தது. துடைத்துவிடப் போன என்னிடம், "உடு. காடுதானே" என்றார். முந்தின நாள் முதுகு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

அஞ்சலை வீட்டில் அந்த இலையை வாங்கி வெகு நேரம் பார்த்தார். நடு நரம்பின்மேல் விரல் வைத்து மெல்ல நகர்த்தினார். "மீனுக்கு நான் சீரியல் லைட்டு போட்டேன்" என்றார். "இத்தப் போயி நீ கோணிப்பைல வெச்சிகினு கீறியே."

அஞ்சலை கோணிப்பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சிரிப்பாங்கன்னு பயப்புடுறியாமே? தோ பாரு தங்கச்சி, மொதல்ல நான் மைக்க பிடிக்கிறேன். என் மீனு பொய்யின்னு நானே சொல்றேன். என்னப் பாத்து சிரிப்பாங்கோ. சிரிச்சி சிரிச்சி அவங்களுக்கு வாய் நோவும். அப்பால நீ பேசு."

நான் எழுந்து வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அஞ்சலை கற்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை. பேனரில் 'டாக்டர்', 'விஞ்ஞானி' இரண்டின்மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒட்டினார்கள். பின்னாலிருந்த டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

இருநூறு நாற்காலியும் நிறைந்து, மதில்மேலும் ஆட்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தார். எச்சில் விழுங்கியது ஸ்பீக்கரில் கேட்டது.

"எல்லாரும் மீனு பாக்க வந்திருக்கீங்கோ. அது மீனு இல்ல. கருங்கல்லுல ஓடின வெள்ளைக் கல்லு. நம்ம கரையில கொட்டிக் கீறாங்களே, அதுல நூறு மீனு கீது, போயி பாத்துக்கோங்கோ. நான் ஏமாந்தேன். உங்களையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிக்கோங்கோ."

பின்வரிசையில் ஒரு குரல். "அப்ப சீரியல் லைட்ட கழட்டிடலாமா தலைவரே?"

"வேணா நைனா. கண்ணு அழகா கீதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கோ!" என்றார் அண்ணன் மைக்கிலேயே.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். தலைவரே என்றுதான் அந்தக் குரல் கூப்பிட்டது என்பதை நான் கவனித்தேன். அண்ணியும் கவனித்திருக்க வேண்டும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலைக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. சோற்றுக் கரண்டிபோல் பிடித்தார். "எலன்னா நடுவுல நரம்பு ஓடணும்" என்று ஆரம்பித்தார். "அதுலேந்து சின்ன நரம்பு பிரியணும். பிரிஞ்சது போயி பக்கத்து நரம்போட கூடணும். நம்ம வலையில கண்ணி கீதில்ல, அப்டி. சொம்மா கெள கெளயா ஓடிச்சின்னா அது கறை. மின்னுச்சின்னா பூ இல்ல, இரும்பு. ஒரு கல்லு உங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்தா, அத்தத்தான் ரெண்டு வாட்டி பாக்கணும். புடிச்சதுதான் ஏமாத்தும்."

நான் பேச ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டேன்.

விழா முடிந்ததும் வரிசை நின்றது. ஊரே வீட்டிலிருந்து கல்லை எடுத்து வந்திருந்தது. முதலில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள், நான் பேசும் தமிழ் பாதி புரியாமல், ஒவ்வொருவராக அஞ்சலையின் பக்கம் நகர்ந்தார்கள். அண்ணி கொடுத்த சுண்டலைத் தின்றபடி வேடிக்கை பார்த்தேன். கடைசியில் ஒருவர் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். ஆஸ்பத்திரியில் அவர் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்.

அஞ்சலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலயும் இல்ல, மீனும் இல்ல. உள்ளாரயே வளந்த கல்லு. நெறைய தண்ணி குடி நைனா" என்றார். அன்றைய பெரிய கைத்தட்டல் அதற்குத்தான்.

அஞ்சலையையும் கூட வந்திருந்த எத்திராஜையும் ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மூன்று நாளாக வாய் திறக்காத எத்திராஜ், தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினார்.

"போன மழையில வூட்டுக்குள்ள தண்ணி வந்திச்சே. குந்த எடம் இல்லன்னு கோவத்துல உன் கல்ல ஆத்துல எறிஞ்சேனே."

"ஒம்போது" என்றார் அஞ்சலை.

"எண்ணி வெச்சிருந்தியா?"

"ஒவ்வொண்ணுத்தையும் கழுவினவ நானு."

ரயில் வந்தது. ஏறும்போது எத்திராஜ் என்னிடம், "காலையில வத்தம்" என்றார். தண்ணீர் வடியும் நேரம் என்று அர்த்தம்.

என் விமானம் திங்கள் இரவு. காலையில் அண்ணனோடு கழிமுகக் கரைக்குப் போனேன். எத்திராஜ் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கன்னம் நீரைத் தொட, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவினார். எறாவைத் தேடுகிற அதே கை. அண்ணனுக்குப் பழைய வேலை திரும்பிவிட்டது. கரையில் நின்று, "லெஃப்ட்ல! இன்னும் லெஃப்ட்ல! அப்டியே எறக்கு!" என்று கையைக் காட்டினார். யாரும் அதைக் கேட்டு நடக்கவில்லை.

எத்திராஜ் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார். "இதா?"

"செங்கல்லு" என்றார் கரையில் குந்தியிருந்த அஞ்சலை.

"இதா?"

"இல்ல."

மூன்றாவது கையிலேயே சேறாகக் கரைந்தது. களிமண்பாறை அப்படித்தான், தண்ணீரில் ஊறினால் தாங்காது. அஞ்சலை அதைப் பார்த்து ஒரு விரலை மடக்கினார். எத்திராஜ் கரைந்த சேற்றைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி குனிந்தார். ஒரு நண்டு கடித்தது. ஒரு பாட்டில் வந்தது. யாரோ தொலைத்த செருப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் "இதா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். இவ்வளவு பேசக்கூடியவர் என்று எனக்குத் தெரியாது.

வெயில் ஏறிய பிறகு ஆழத்தில் எதையோ பிடித்தார். இந்த முறை தூக்கிக் காட்டவில்லை. தண்ணீரில் அலசி, கட்டைவிரலால் சேற்றை வழித்து, வெயில் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். நரம்பை விரலால் தேடினார். பிறகு நடந்து கரையேறி வந்து, எங்கள் யாரையும் எதுவும் கேட்காமல், கல்லை அஞ்சலையின் மடியில் வைத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார்.